தட்டைப் புரட்டும் நேரம்

வெள்ளிக்கிழமை மாலை நான்கே கால் மணிக்கு, எங்கள் வீட்டு உள்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்த இயந்திரம் வழக்கம்போல நீளமாக ஒரு மூச்சு விட்டு, தன் வயிற்றுக்குள் சுற்றிக்கொண்டிருந்த தட்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. மின்விசிறியை அணைத்ததும் இறக்கைகள் நிற்பதற்கு முன் ஒரு சத்தம் வருமே, அதைவிடக் கனத்த சத்தம். கூடவே சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை. டிவி திரை நீலமாகிவிடும். படத்தின் முதல் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். யாராவது எழுந்து போய்த் தட்டை வெளியே எடுத்து, தோசையைத் திருப்புவதுபோலத் திருப்பி வைத்தால்தான் மீதிக் கதை. அந்த யாராவது எப்போதும் நான்தான். எனக்கு அப்போது பதினோரு வயது.

அன்றைக்கும் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினேன். தட்டு வெளியே வந்தது. அது வரும்போதெல்லாம் அதன் மேல் ஓடும் வானவில்லைப் பார்ப்பதற்காக என் இடுப்பருகே ஒரு சின்னத் தலை வந்து முட்டும். என் தங்கை ரஹ்மத்தின் தலை, நான்கு வயது. அவள் வரவில்லை.

"ரஹ்மத் எங்கம்மா?" என்று கேட்டேன். டிவிக்கு மேலே சுவர்க்கடிகாரம் இருந்ததால் அந்தக் கேள்வியின் நேரம் எனக்கு மறக்கவில்லை.

அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதன் பெயர் லேசர் டிஸ்க். தொண்ணூறுகளின் நடுவில், வலங்கைமானுக்குத் தெற்கே மன்னார்குடி சாலையில் இருந்த எங்கள் சின்ன ஊரில், வெளிநாட்டுக்கு ஆள் போன வீடுகளில் எல்லாம் 'டெக்' இருந்தது. வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து, போட்டுப் பார்த்து, மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சிங்கப்பூரில் ஒரு வீடியோ வாடகைக் கடையில் வேலை பார்த்தார். முதலாளி புது மாடல் வாங்கியபோது பழையதை அத்தாவிடம் கொடுத்துவிட்டார். ஊருக்கும் சிங்கப்பூருக்கும் சாமான் சுமந்து போய்வருகிறவர்களைக் 'குருவி' என்பார்கள். அப்படி ஒரு குருவி அதைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். அம்மா ஆசையாகப் பிரித்துப் பார்த்தால், கேசட் நுழையும் வாயே அதில் இல்லை. கூடவே, கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவுக்கு, முகம் தெரியும் பளபளப்பில் தட்டுகள் வந்திருந்தன. தெருவில் அதற்கு உடனே 'தட்டுப்படம்' என்று பெயர் விழுந்தது. எங்கள் வீடு 'தட்டுப்படம் வீடு' ஆனது.

மொத்தம் ஏழு படங்கள். திருச்சி வரைக்கும் விசாரித்தும் எட்டாவது கிடைக்கவில்லை. ஏழில் நான்கு தமிழ். ஐந்தாவது ஜப்பான் சண்டைப்படம். அந்த நாட்டு டிவி முறை வேறு என்பதால் எங்கள் டிவியில் நிறமில்லாமல், மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருக்கும். ஆறாவதில் ஒரு மணி நேரம் மீன்கள் மட்டும் நீந்தும். ஏழாவது சீனப் பாட்டுகள். எழுத்துகள் கீழே ஓடும், பார்க்கிறவர்கள் சேர்ந்து பாட வேண்டும். எதிர்த்தெரு செல்வி அக்கா அதையும் விடவில்லை, தன் இஷ்டத்துக்கு ஒரு சீனமொழியை உண்டாக்கிப் பாடுவாள். செல்வி அக்காவின் அப்பா எங்கள் ஊர் நிலங்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அவள் மன்னார்குடியில் பி.ஏ. முடித்துவிட்டு ஊரின் ஒரே எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தாள். பூத்தின் முதலாளி ஜும்ஆ தொழுகைக்காக மதியம் கடையை அடைக்கச் சொன்னதால், வெள்ளிக்கிழமைகளில் அவள் எங்கள் வீட்டில் இருப்பாள்.

தட்டுக்கு உண்டான சட்டதிட்டங்களை அத்தா கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கடிதம் என்பது கேசட்தான்; அவர் அங்கே பேசிப் பதிவுசெய்து அனுப்புவார், நாங்கள் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் எங்கள் பேச்சைப் பதிவுசெய்து அனுப்புவோம். "ஜொகராவ விட்டு போடச் சொல்லு. அவளுக்குத்தான் வெரல் சின்னது. ஓரத்தப் பிடிக்கணும், பளபளப்புல கை படக் கூடாது. தொடைக்கிறப்ப நடுவுலேருந்து வெளிய தொடைக்கணும், சுத்தித் தொடைச்சா கீறல் விழுந்துடும்" என்று என் பெயரைச் சொல்லி அவர் பேசியதை நான் பாடம்போல ஒப்பிப்பேன். தட்டைப் படுக்கப் போட்டால் வளைந்துவிடும் என்பதால் அம்மா பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே நிறுத்தி வைத்தாள். இன்னொரு வினோதமும் உண்டு. 'டெக்'கில் படத்தை நிறுத்தினால் ஆள் அப்படியே உறைந்து நிற்பான். இதில் நிறுத்தினால் படமே மறைந்து திரை நீலமாகும். பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் "யாருடி அது" என்று கத்துவார்கள். அதனால் யார் எழுந்து போனாலும் வந்தாலும் படம் நிற்காது. ஒருவர் எழுந்து போவதை மற்றவர்கள் கவனிப்பதும் இல்லை.

அந்த நான்கு தமிழ்ப் படங்களில் ஒன்றைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம். இரண்டு தட்டு, மூன்று பக்கம். நான்காம் பக்கம் காலி. முதல் பக்கம் முடியும் தறுவாயில் ஒரு மழைப் பாட்டு வரும். அந்தப் பாட்டுக்கு ரஹ்மத் முறத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு டிவிக்கு முன்னால் போய் நின்று ஆடுவாள். இடுப்பை ஆட்டத் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டி, கடைசியில் முறத்தைக் கீழே போட்டுவிட்டு நனைவதுபோல் நடிப்பாள். அத்தாவுக்குப் போன கேசட்டுகளில் பாதி, இந்த ஆட்டத்தை நாங்கள் மாற்றி மாற்றி வர்ணித்ததுதான். அத்தா ஊரைவிட்டுப் போனபோது அவளுக்கு ஒன்றரை வயது.

அந்தப் பாட்டு எல்லா நாளும் ஓடாது. அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாட்களில் அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவாள். நான் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்துவேன். 'டெக்'கில் பாட்டைத் தள்ளினால் கதாநாயகனும் கதாநாயகியும் வேகவேகமாகவாவது ஆடி முடிப்பார்கள். தட்டு அப்படியில்லை, இரண்டு விநாடிதான், அப்படி ஒரு பாட்டே அந்தப் படத்தில் இல்லாததுபோல அடுத்த காட்சிக்குத் தாவிவிடும். "மழை பெஞ்ச தடமே இல்ல பாரு" என்று மைமூன் மாமி முக்காட்டுக்குள் சிரிப்பாள். பக்கத்து வீட்டுக்காரி அவள்.

காலாண்டுப் பரீட்சை விடுமுறை அது. சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது, வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் கரை தட்டத் தண்ணீர். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மூன்றே காலுக்குப் படத்தைப் போட்டோம். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். உள்கூடத்தில் அம்மா, மைமூன் மாமி, செல்வி அக்கா, நான். முன்கூடத்தில் பெரியத்தா.

"ரஹ்மத் எங்கம்மா?" என்று நான் கேட்டதும் அம்மா அடுப்படியைப் பார்த்தாள். "இங்கதானேடி இருந்தா?"

"மழைப் பாட்டுல இருந்தாளேம்மா. முறத்த வச்சுக்கிட்டு ஆடினாளே" என்றேன். முதலில் சொன்னது நான்தான்.

"ஆமா, நான்கூட மறைக்குது ஒக்காருடின்னு சொன்னேன்" என்றாள் மைமூன் மாமி.

"என் கால மிதிச்சிட்டுல்ல ஓடினா" என்றாள் செல்வி அக்கா.

கொல்லை, மாடி, கட்டிலுக்கு அடி, நெல் குதிர், மைமூன் மாமி வீடு எல்லாம் பார்த்தாயிற்று. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் கேட்டாயிற்று. செல்வி அக்காதான் நிதானமாகக் கணக்குப் போட்டாள். "பாட்டு முடிஞ்சு எட்டு நிமிஷத்துல பக்கம் முடிஞ்சிடும். நாம தேடுனது ஒரு பத்து நிமிஷம். நாலு வயசுக் காலு எவ்வளவு தூரம் போயிருக்கும்? இங்கதான்க்கா எங்கயோ இருக்கா." தைரியம் சொல்வதற்காகச் சொன்னதுதான். ஆனால் சொல்லிமுடித்ததும் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினோம். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அங்கிருந்து இருபது எட்டு வைத்தால் வாய்க்கால்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல எனக்கு இன்றும் வரவில்லை. டிராக்டர் ஓட்டுகிறவர் சட்டையைக் கழற்றாமல் குதித்தார். வயலில் இருந்த ஆட்கள் நாற்றுமுடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவர் மதகை இறக்கித் தண்ணீரைக் குறைக்கச் சொல்லிச் சைக்கிளில் பறந்தார். முழங்கால் வலி என்று மாடி ஏறாத பெரியத்தா மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அடியைத் துழாவிக்கொண்டே நகர்ந்தார். அம்மா அழவில்லை, கரையில் நின்று முக்காட்டை விலக்குவதும் போடுவதுமாக இருந்தாள். "எட்டு நிமிஷம்தான், எட்டு நிமிஷம்தான்" என்று உதடு மட்டும் அசைந்தது. தண்ணீரிலிருந்து ஒவ்வொரு முறை ஒரு கை மேலே வரும்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பெரியத்தா மூச்சு வாங்கக் கரையேறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கடைசியா எப்பம்மா பாத்த அவள?"

"மழைப் பாட்டுல, பெரியத்தா."

"எந்த மழைப் பாட்டு? அது இன்னைக்கி ஓடவே இல்லியே."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "ஓடிச்சே மச்சான், நாங்க பாத்தோமே" என்றாள் அம்மா.

"நான் முன்னால கூடத்துலதானே ஒக்காந்திருந்தேன்? எப்ப வரும் எப்ப வரும்னு பேப்பர மடிச்சு வச்சிட்டு ஒக்காந்திருக்கேன், பாட்டயே காணோம். நான் இருக்கற அன்னைக்கெல்லாம் அத முழுங்கிடுதே உங்க மிஷினு, எனக்குத் தெரியாதா என்ன?"

அப்போதுதான் என் கட்டைவிரலுக்கு ஞாபகம் வந்தது. அம்மா கண்ணைக் காட்டியதும், நான் பொத்தானை அழுத்தியதும், படம் தாவியதும். அன்றைக்கு அந்தப் பாட்டு ஓடவில்லை. நான் பார்த்தது போன வாரத்து ரஹ்மத்தை. மைமூன் மாமிக்கு மறைத்தது அதற்கு முந்தைய வாரமாக இருக்கலாம். செல்வி அக்காவின் காலை மிதித்தது எந்த வெள்ளிக்கிழமையோ. ஏழே படங்களை வைத்துக்கொண்டு ஒன்றையே இருபது தடவை பார்த்த எங்களுக்கு, எல்லா வெள்ளிக்கிழமைகளும் ஒரே வெள்ளிக்கிழமையாக ஒட்டிப்போயிருந்தன. நான் முதலில் சொன்னேன். மற்றவர்களுக்கும் அப்படியே கண்ணில் வந்துவிட்டது.

"அப்ப எப்பத்திலிருந்து காணோம்?" என்றாள் செல்வி அக்கா.

அம்மா மெல்லச் சொன்னாள்: "தம்பி கெளம்பினப்ப வாசல்ல நின்னா. எப்பவும் அவன் போனா தரையில விழுந்து பொரளுவா. இன்னைக்கி அவ அழுவவே இல்லியே."

செல்வி அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூத்தைத் திறக்க ஓடினாள். பின்னாலேயே நாங்கள். மாமாவின் கடையில் போன் கிடையாது; பக்கத்துக் காபித்தூள் கடைக்குப் போட்டால் கூப்பிடுவார்கள். மாமாவின் குரல் வந்ததும் அம்மா ரிசீவரை நீட்டிவிட்டாள். செல்வி அக்காதான் பேசினாள். "பாய், ரஹ்மத் உங்ககூட வந்தாளா?" ரிசீவரிலிருந்து எங்களுக்கே கேட்டது. "எங்கூடவா? இல்லியேம்மா! நான் முன்வாசல்ல ஏறி முன்னாடியே ஒக்காந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட போவல, கடைகிட்டயே எறங்கிட்டேன்..." அதோடு ரிசீவர் எதன்மேலோ விழுந்த சத்தம். அவர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறார்.

ஒருவேளை அவள் பஸ்ஸில் இருக்கலாம் என்பதே அப்போது எங்களுக்குப் பெரிய வரமாக இருந்தது. ஆனாலும் வாய்க்காலில் யாரும் தேடுவதை நிறுத்தவில்லை.

ஐந்தே காலுக்குக் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் பஸ் எங்கள் தெருமுனையில், நிறுத்தமே இல்லாத இடத்தில், நின்றது. ஜன்னல் எல்லாம் தலைகள். கண்டக்டர் இறங்கினார், இடது தோளில் பணப்பை, வலது இடுப்பில் ரஹ்மத். அவள் கையில் பாதி தின்ற ரொட்டி.

"யாரு வீட்டுப் புள்ளைங்க இது? பின்வாசல்ல ஒரு அம்மா முந்தானையப் புடிச்சிக்கிட்டு ஏறிச்சு, அவங்க புள்ளைன்னு நெனச்சிட்டேன். கும்மோணத்துல எல்லாரும் எறங்கியாச்சு, இவ மட்டும் மகாராணி மாதிரி ஒக்காந்திருக்கா. எந்த ஊருன்னா 'தட்டுப்படம் வீடு'ங்குது. அப்படி ஒரு ஸ்டாப்பிங்கே என் ரூட்டுல இல்லியேன்னு நான் முழிக்கறேன். திரும்பி வர்றப்ப உங்க ஊரு ஆளு ஒருத்தரு ஏறப்போயி தெரிஞ்சுது." அப்புறம்தான் அவர் பெரியத்தாவையும் மற்றவர்களையும் சரியாகப் பார்த்தார். "என்ன பாய், உங்க ஊருக்கு மட்டும் மழையா?"

பெரியத்தா ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா தார்ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரஹ்மத் இறங்கி அவள் மடியில் போய் ஏறிக்கொண்டு, "மாமா முன்னாடி போனாங்கம்மா. நான் கூப்புட்டேன், பஸ் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கல" என்றாள்.

அன்றிலிருந்து என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா தன்னைத்தான் திட்டிக்கொண்டார், அம்மா படத்தைத் திட்டினாள், மைமூன் மாமி கொல்லைக் கதவைத் திட்டினாள். நான் மட்டும் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தேன். ஆடினாளே என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால் வாய்க்காலில் தேடியிருக்கமாட்டார்கள், முன்னாலேயே போன் போட்டிருப்பார்கள். பொய் சொன்னேனா என்றால், இல்லை. உண்மையாகவே பார்த்தேன், அதுதான் பயமாக இருந்தது.

எனக்கு இப்போது நாற்பதைத் தாண்டிய வயது. திருச்சியில் இருக்கிறேன். பொருட்காட்சியோ கல்யாண மண்டபமோ, எங்கே போனாலும் கால் மணிக்கு ஒருமுறை என் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். அவர்கள் என் உயரத்தைத் தாண்டிய பிறகும் எண்ணினேன். போன வாரம் ஹாஸ்டலில் இருக்கும் மகளின் போன் மூன்று மணி நேரம் அணைந்து கிடந்தது. "காலையிலதானே பேசினா" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அவர் போனை எடுத்துப் பார்த்தேன். அவள் பேசியது முந்தைய நாள் காலை. அவளுக்கு ஒன்றும் இல்லை, சார்ஜ் போட மறந்து தூங்கியிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரியே இதை எழுத உட்கார்ந்தேன்.

இயந்திரம் இரண்டு வருடம்கூட உழைக்கவில்லை. கும்பகோணத்து மெக்கானிக் திறந்து பார்த்து, "இதுக்கு சாமான் சிங்கப்பூர்லயே கெடைக்காதும்மா" என்று மூடிவிட்டார். தட்டுகளில் மிளகுத்தூள் தூவினதுபோலப் புள்ளிகள் விழுந்தன. செல்வி அக்காவின் அப்பா நான்கைந்தை வாங்கிப் போய் நாற்றங்காலில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். குருவிகள் ஒரு பருவம் பயந்தன, பிறகு அதன்மேலேயே உட்கார்ந்தன. பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பெரியத்தா இல்லை. செல்வி அக்கா மன்னார்குடியில் ஆசிரியை. ரஹ்மத் ஷார்ஜாவில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள்; பஸ்ஸில் போனதும் ஆடியதும் அவளுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. நாங்கள் சொல்லிச் சொல்லித்தான் தெரியும்.

ரஹ்மத் பஸ் ஏறிப்போன அந்த வருடம் தை மாதம், அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் அத்தா வந்தார். விடுமுறைக்கு வருகிறவர் மாதிரி பெட்டிகள் இல்லை. ஒரே ஒரு பைதான். பெரியத்தா ஐ.எஸ்.டி.யில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். ரஹ்மத் அவரைக் கண்டு முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள், மாலைக்குள் அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள். அம்மா டீ போடப் போன நேரத்தில் நான் அவரிடம் போய், "நான்தான் அத்தா மொதல்ல சொன்னேன், ஆடினாள்னு. நான் பாக்கவே இல்ல" என்றேன். மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாதது.

அத்தா தூங்குகிறவளின் காலிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"நானும்தாம்மா பாக்கல. ஆனா கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம், எம் மவ எப்படி ஆடுவா தெரியுமான்னு எழுந்திருச்சு நின்னு ஆடிக் காட்டுவேன். நேர்ல பாத்த மாதிரியே. அண்ணன் போன்ல சொன்னப்பதான் ஒறைச்சுது, நான் ஒரு தடவகூட பாத்ததில்லேன்னு. வேலைய விட்டுட்டு வந்துட்டேன்."